சிமுலேட்டருக்கு எதுக்குய்யா ரியல்டைம்?

“லினக்ஸ்சிஎன்சி கத்துக்கணுமா? முதல்ல அந்த விண்டோஸைத் தூக்கிக் கடாசு. அப்புறம் வா, பேசலாம்.”

இந்த வசனத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று நான் கணக்கு வைக்கவில்லை. சொல்கிறவர்கள் கெட்டவர்களும் கிடையாது. விஷயம் தெரிந்தவர்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சந்தேகம் கேட்டாலும் பத்து பைசா வாங்காமல் பதில் சொல்கிறவர்கள். அதனால்தான் கடுப்பு இன்னும் அதிகமாகிறது. ஒண்ணும் தெரியாதவன் உளறினால் சிரித்துவிட்டுப் போகலாம். தெரிந்தவன் தப்பான இடத்தில் சரியான விஷயத்தைச் சொல்லி ஒரு பையனை வாசலோடு திருப்பி அனுப்பினால் என்ன செய்வது?

முதலிலேயே என் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். படித்தது மெக்கானிக்கல், செய்வது பொட்டி தட்டுற வேலை. (நம்ம ஊரில் இது ஒரு தனி இனம். இஞ்சினியரிங் டிராயிங் அரியரோடு ஜாவா எழுதுபவர்கள்.) ஆபீஸிலும் வீட்டிலும் லினக்ஸ்தான். ஆகவே “விண்டோஸுக்குச் சொம்பு தூக்குறான்” என்று கிளம்பும் அன்பர்கள் கொஞ்சம் பொறுமை காக்கவும். சண்டை விண்டோஸா லினக்ஸா என்பது இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சின்ன முன்கதை. லினக்ஸ்சிஎன்சி என்பது லேத், மில்லிங் மெஷின், ரவுட்டர், பிளாஸ்மா கட்டர், ரோபோ கை இதையெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டும் மென்பொருள். அமெரிக்க அரசின் நிஸ்ட் என்ற தர நிறுவனத்தில் 1990களில் இ.எம்.சி. என்ற பெயரில் பிறந்தது. அரசாங்கம் எழுதியது என்பதால் பொதுச்சொத்தாகவே வெளியே வந்தது. ஆர்வலர்கள் எடுத்து வளர்த்து இ.எம்.சி.2 ஆக்கினார்கள். இ.எம்.சி. என்றே ஒரு பெரிய ஸ்டோரேஜ் கம்பெனியும் இருந்ததால் பெயர்த் தகராறு வந்து, 2011ல் லினக்ஸ்சிஎன்சி ஆனது. இலவசம், மூலநிரல் திறந்தது, ஜி.பி.எல். உரிமம். நாலு டிரைவர், நாலு மோட்டார், பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் வீட்டுக் கொல்லையில் சிஎன்சி ரவுட்டர் ஓட்டலாம். உலகம் முழுக்க ஓட்டிக்கொண்டும் இருக்கிறார்கள்.

நிற்க. அதோடு கூடவே வருவது சிமுலேஷன். மெஷினே இல்லாமல், மோட்டார் இல்லாமல், வெறும் திரையில் மொத்தக் கன்ட்ரோலரும் ஓடும். அதே மெனு, அதே ஜி-கோட், அதே எர்ரர். கற்றுக்கொள்ள நினைப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் பெயரிலேயே லினக்ஸ் இருக்கிறது. பையனிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப். “இதுல ஓட்ட முடியுமாண்ணா?” என்று கேட்கிறான். வருகிற பதில்தான் மேலே முதல் வரி.

காரணம் கேட்டால் ஒரே வார்த்தை சொல்வார்கள்: ரியல்டைம்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏனென்றால் அவர்கள் சொல்வதில் பாதி சத்தியமான உண்மை. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவரில் பத்தாகப் பிரித்தால் 2000. அந்த மோட்டார் 5 மி.மீ. பிட்ச் உள்ள ஸ்குரூவைச் சுற்றுகிறது என்றால் ஒரு மி.மீ. நகர 400 துடிப்பு வேண்டும். நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகம், அதாவது நொடிக்கு 50 மி.மீ. ஆக நொடிக்கு 20,000 துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே 50 மைக்ரோ செகண்டுதான் இடைவெளி. கம்ப்யூட்டரே பேரலல் போர்ட் வழியாக இந்தத் துடிப்பை அனுப்புகிறது என்றால், 50 மைக்ரோ செகண்டுக்கு ஒரு தடவை, எது நடந்தாலும், தவறாமல் எழுந்து வந்து தட்டிவிட்டுப் போகவேண்டும். விண்டோஸின் வழக்கமான கடிகாரத் துடிப்பே 15.6 மில்லி செகண்டு. அந்த நேரத்துக்குள் நம்ம அச்சு முக்கால் மி.மீ.க்கு மேல் ஓடியிருக்கும். கம்ப்யூட்டர் நடுவில் தூங்கிவிட்டால் மோட்டார் திடீரென நிற்கும், ஸ்டெப் தவறும், ஜாப் குப்பை. டூல் போய் வைஸில் இடித்தால் அதுக்கு மேல்.

லினக்ஸ்சிஎன்சி ஆவணத்திலேயே இதற்கு அளவுகோல் இருக்கிறது. லேட்டன்சி சோதனையில் 15, 20 மைக்ரோ செகண்டுக்குள் வந்தால் அருமை. 100க்கு மேல் போனால் இந்த மாதிரி மென்பொருள் துடிப்புக்கு அந்தப் பொட்டி லாயக்கில்லை. ஒரு மில்லி செகண்டைத் தாண்டினால் எந்த வழியிலும் மெஷின் ஓட்ட லாயக்கில்லை. விண்டோஸுக்குள் மெய்நிகர் பொட்டியில் உட்கார்ந்திருக்கும் லினக்ஸில் இந்த எண்ணுக்கு உத்தரவாதம் கொடுக்க யாராலும் முடியாது. ஆகவே நிஜ மெஷினை விண்டோஸுக்குள்ளிருந்து ஓட்டாதே என்று நண்பர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆனால் பையன் கேட்டது மெஷின் ஓட்ட இல்லையே சாமி! சிமுலேட்டர்தானே கேட்டான்?

சிமுலேஷனுக்குள் என்ன நடக்கிறது என்று ஹால் கோப்பைத் திறந்து பார்த்தாலே போதும். ஹால் என்பது லினக்ஸ்சிஎன்சியின் ஒயரிங். நிஜ ஒயருக்குப் பதிலாக எழுத்தில் “இந்த பின்னிலிருந்து அந்த பின்னுக்கு” என்று எழுதி இணைப்பது. நிஜ மெஷினில், எக்ஸ் அச்சு இங்கே போகட்டும் என்ற கட்டளை ஒயர் வழியாக மோட்டாருக்குப் போகும். சர்வோ என்றால் அச்சு நிஜமாக எங்கே இருக்கிறது என்ற தகவல் என்கோடரிலிருந்து திரும்பி வரும். சிமுலேஷனில்? கட்டளை வெளியே போகும் பின்னையும் தகவல் உள்ளே வரும் பின்னையும் ஒரே ஒயரால் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். “எக்ஸ் 100க்குப் போ” என்று கன்ட்ரோலர் சொல்கிறது, “போய்ட்டேன்” என்று அதே எண் அதன் காதிலேயே திரும்ப விழுகிறது. அவ்வளவுதான். எமர்ஜென்சி ஸ்டாப் கூட அப்படி ஒரு வளையம்தான். டூல் மாற்றுவதும் பெரும்பாலும் அதே கதை.

நடுவில் விண்டோஸ் அப்டேட் போட்டு அரை நொடி திணறினால் என்ன ஆகும்? திரையில் அந்தக் கூம்பு அரை நொடி நிற்கும். பிறகு ஓடும். தவறுவதற்கு ஸ்டெப் இல்லை, உடைவதற்கு டூல் இல்லை, இடிப்பதற்கு வைஸ் இல்லை. ஸ்டாண்டு போட்டு நிறுத்திய சைக்கிளில் ஏறி பெடல் மிதித்துப் பழகும் பொடியனைப் பிடித்து “பிரேக் கட்டை சரியில்லாம வண்டி ஓட்டுறியா?” என்று அதட்டுவது மாதிரி இருக்கிறது இந்த ரியல்டைம் அறிவுரை.

இன்னொரு வேடிக்கை. “விண்டோஸைத் தூக்கிட்டு உபுண்டு போடு” என்கிறார்களே, சாதாரண உபுண்டுவில் வரும் கெர்னல் மட்டும் இந்த ரியல்டைம் பரீட்சையில் பாஸாகிவிடுமா? ஆகாது. அதற்குத் தனியாக ப்ரீஎம்ப்ட்-ஆர்டி கெர்னலோ, பழைய ஆர்டிஏஐ கெர்னலோ வேண்டும். ப்ரீஎம்ப்ட்-ஆர்டி வேலை முழுசாக லினக்ஸின் மூலக் கெர்னலுக்குள் போய்ச் சேரவே இருபது வருஷம் இழுத்தது, 2024ல்தான் முடிந்தது. சாதாரணக் கெர்னல் உள்ள நிஜ லினக்ஸ் பொட்டியில் சிமுலேஷனை ஓட்டினாலும் “ரியல்டைம் இல்லாமல் ஓடுகிறேன்” என்று ஒரு குறிப்பு டெர்மினலில் வரும். விண்டோஸுக்குள் ஓட்டினாலும் அதே குறிப்பு, அதே வரி. அப்புறம் எதற்காகப் பையனின் ஹார்டு டிஸ்கை அழிக்கச் சொன்னீர்கள்?

இதுவும் போதாதென்றால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். லினக்ஸ்சிஎன்சியின் மூலநிரல் இருப்பது கிட்ஹப்பில். யாராவது ஒரு மாற்றத்தை அனுப்பினால் அதைத் தானாகவே கம்பைல் செய்து சோதனைகளை ஓட்டிப் பார்க்கிறது கிட்ஹப். எங்கே ஓட்டுகிறது? மைக்ரோசாஃப்டின் டேட்டா சென்டரில் இருக்கும் மெய்நிகர் பொட்டிகளில்! அந்த மென்பொருளைக் கட்டுகிறவர்களே மைக்ரோசாஃப்ட் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சோதித்துக்கொள்கிறார்கள். கோயமுத்தூர் பையன் தன் வீட்டு லேப்டாப்பில் செய்தால் தீட்டு :-)

கோயமுத்தூர் பையன் என்று சும்மா சொல்லவில்லை. என் சித்தி பையன்தான். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு கணபதி பக்கம் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் ஹெல்ப்பராக இருக்கிறான். அங்கே விஎம்சி இருக்கிறது, ஆனால் இவனைத் தொட விடமாட்டார்கள். ஓனரையும் குற்றம் சொல்ல முடியாது. மணிக்கணக்கு வாடகை மாதிரி ஓடுகிற மெஷின், கடன் தவணை வேறு. புதுப் பையன் ஒரு ஆஃப்செட்டைத் தப்பாகப் போட்டு ஸ்பிண்டிலை இடித்தால் அந்த மாசம் காலி. ஆக மெஷின் தெரியாததால் மெஷினைத் தொட முடியாது, தொடாததால் தெரிந்துகொள்ளவும் முடியாது. ஹெல்ப்பருக்கும் ஆபரேட்டருக்கும் சம்பளத்தில் இருக்கும் வித்தியாசம் அந்த வீட்டுக்குப் பெரிய காசு. இந்தப் பூட்டுக்கு இருக்கிற ஒரே சாவி சிமுலேட்டர். இஷ்டத்துக்குத் தப்பு செய்ய விடுகிற ஒரே இடம்.

வீட்டில் ஒரே ஒரு லேப்டாப். அதில்தான் சித்தப்பா கடையின் ஜிஎஸ்டி பில், அதில்தான் தங்கச்சியின் காலேஜ் பிராஜக்ட். இவன் நல்ல புத்தியோடு ஒருவரிடம் கேட்டான். “ஃபார்மேட் பண்ணு” என்று பதில் வந்தது. சித்தப்பாவிடம் போய் “பில்லெல்லாம் அழிச்சுட்டு லினக்ஸ் போடப் போறேன்” என்று சொல்ல முடியுமா? செருப்பு பறக்கும். டூயல் பூட் போடு என்பார்கள். பார்ட்டிஷனைச் சுருக்கி, பிட்லாக்கர் சாவி கேட்டு, பூட் வரிசை மாறி... முதல் தடவை செய்கிறவன், அடுத்தவர் பில் இருக்கிற பொட்டியில் செய்யக்கூடிய வேலையா அது?

அப்புறம் அவன் என்ன செய்தான்? எல்லோரும் செய்வதைத்தான். நண்பன் பென் டிரைவில் கொண்டுவந்த ஒரு காசு கொடுத்து வாங்கவேண்டிய சிமுலேட்டரின் கிராக் வெர்ஷன். கூட வந்த குறிப்பில் முதல் வரியே “ஆன்ட்டி வைரஸை நிறுத்து”. நிறுத்தினான். ஜிஎஸ்டி பில் இருக்கிற அதே பொட்டியில். இதுவரை ஒண்ணும் ஆகவில்லை, மருதமலை முருகன் புண்ணியம். எனக்குத் தெரிந்து, மாணவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு முழுக்க முழுக்கக் கிராக்கிலேயே சொல்லிக்கொடுக்கும் பயிற்சிக் கூடமும் இருக்கிறது. பேர் வேண்டாம்.

இதுதான் என் ஆத்திரம். “சுத்தமான லினக்ஸ், இல்லாட்டி ஒண்ணும் வேண்டாம்” என்று நீங்கள் கதவைச் சாத்தும்போது பையன் போய் நிற்பது லினக்ஸ் வாசலில் இல்லை. திருட்டு சிடி வாசலில். நீங்கள் திட்டுகிற அதே விண்டோஸில், அதைவிட மோசமான நிலையில்.

சரி, வழி என்ன? இரண்டு இருக்கின்றன, இரண்டுமே இலவசம்.

ஒன்று விர்ச்சுவல்பாக்ஸ். விண்டோஸில் அது இன்னொரு புரோகிராம், அவ்வளவுதான். அதற்குள்ளே ஒரு பொய்யான பொட்டியை உருவாக்கி, லினக்ஸ்சிஎன்சிக்காரர்களே தரும் டெபியன் ஐஎஸ்ஓவை அதில் நிறுவவேண்டியது. 8 ஜிபி மெமரி உள்ள லேப்டாப் என்றால் 4 ஜிபி, இரண்டு கோர், 25, 30 ஜிபி டிஸ்க் கொடுத்தால் தாராளம். அந்தப் பொய்ப்பொட்டிக்குள் “முழு டிஸ்கையும் அழி” என்று தைரியமாகச் சொல்லலாம். அழிவது விண்டோஸில் இருக்கும் ஒரு கோப்பு மட்டும்தான், சித்தப்பாவின் பில் இல்லை. நன்றாக வந்ததும் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டால், என்ன கெடுத்தாலும் ஒரே கிளிக்கில் பழைய நிலை. நிஜப் பொட்டியில் கூட இந்த வசதி கிடையாது. கற்றுக்கொள்கிறவனுக்கு இதுதான் நிஜத்தைவிட உசத்தி என்பேன்.

இரண்டாவது, விண்டோஸிலேயே இருக்கும் டபிள்யூஎஸ்எல். 2016ல் வந்தபோது வெறும் கறுப்புத் திரைதான். 2020ல் பொதுவாக வந்த இரண்டாம் பதிப்பு நிஜ லினக்ஸ் கெர்னலையே உள்ளே வைத்தது. 2021ல் விண்டோஸ் 11 வந்தபோது ஜன்னல் திறக்கும் புரோகிராம்களும் ஓட ஆரம்பித்தன. பிறகு விண்டோஸ் 10க்கும் அது வந்தது. இதில் டெபியனை இறக்கிக்கொண்டு, ஆப்ட் வழியாக லினக்ஸ்சிஎன்சி-யூஸ்பேஸ் என்ற பொதியைக் கேட்டால் போதும். டெபியன் 12லிருந்து அதன் சொந்தக் களஞ்சியத்திலேயே இருக்கிறது. நெட் வேகமாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். முப்பரிமாணப் படம் தெரியாமல் கறுப்பாக நின்றால் பயப்படவேண்டாம், அது ஓப்பன்ஜிஎல் கோளாறு. லிப்ஜிஎல் ஆல்வேஸ் சாஃப்ட்வேர் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்துவிட்டுத் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், கொஞ்சம் மெதுவாக வரையும்.

திறந்ததும் எந்த மெஷின் என்று ஒரு பட்டியல் கேட்கும். சிம், அதற்குள் ஆக்ஸிஸ், அதற்குள் மி.மீ. உள்ளது. நம்மூருக்கு இன்ச் எதற்கு? வந்து நிற்கும் திரையில் லினக்ஸ்சிஎன்சி என்று எழுத்துப் பொறிக்கும் ஒரு புரோகிராம் தயாராக இருக்கும். எஃப்1 தட்டினால் எமர்ஜென்சி விலகும், எஃப்2 மெஷினை ஆன் செய்யும், கன்ட்ரோலும் ஹோமும் சேர்த்துத் தட்டினால் எல்லா அச்சும் ஹோம் போகும், ஆர் தட்டினால் ஓட ஆரம்பிக்கும். நாலு சாவி. என் சித்தி பையனுக்குப் போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். “சரிங்ணா, ஓடுதுங்ணா” என்று அவன் குரல் ஏறியது எனக்கு இங்கே கேட்டது.

இதில் என்ன படிக்கலாம் என்று கேட்டால் நிறைய. ஜி54, ஜி55 என்று ஒர்க் ஆஃப்செட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். டூல் நீளத்தைத் தப்பாகக் கொடுத்து என்ன ஆகிறது என்று பார்க்கலாம். பட்டறையில் இதைச் செய்தால் வேலை போய்விடும். அச்சின் எல்லையைத் தாண்டும் புரோகிராமைக் கொடுத்தால் அது எந்தப் பக்கம் தாண்டுகிறது என்று எச்சரிக்கும். அதற்கும் மேலே ஆர்வம் இருந்தால் ஹால் இருக்கவே இருக்கிறது. ஹால்ஸ்கோப்பைத் திறந்து, அச்சின் வேகம் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று ஆசிலோஸ்கோப் மாதிரி பார்க்கலாம். ஆக்ஸிலரேஷன் எண்ணை பாதியாக்கிவிட்டு மறுபடி பார்க்கலாம். நான் காலேஜில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் என்று ஒரு செமஸ்டர் முழுக்க மனப்பாடம் செய்தது என்ன என்று எனக்கே ஹால்ஸ்கோப்பில்தான் புரிந்தது. பூமா 560 ரோபோ கையைக் கூட மாதிரியாக வைத்திருக்கிறார்கள். நிஜத்தில் அந்தக் கைக்குப் பக்கத்தில் யார் நம்மை விடப்போகிறார்கள்?

படிக்க முடியாததும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். வெட்டும்போது வரும் அதிர்வு, சத்தம், சில்லு எப்படி வருகிறது, இன்சர்ட் மழுங்கியது எப்படித் தெரியும் இதெல்லாம் திரையில் கிடையாது. ஆக்ஸிஸ் திரை டூல் போன பாதையைக் கோடாகக் காட்டும், அவ்வளவே. வைஸில் இடிக்குமா என்று அதற்குத் தெரியாது. அப்புறம் பட்டறையில் பரவலாக இருக்கும் ஃபானக் கன்ட்ரோலரும் இதுவும் ஒன்றல்ல. ஜி0, ஜி1, ஜி2, ஜி3, ஜி83 என்கிற அடிப்படைகள் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். ஆனால் சப்-புரோகிராமும் மேக்ரோவும் எழுதும் முறை வேறு, திரெட் வெட்டும் ஜி76ல் எண்கள் கொடுக்கும் விதம் வேறு. “அப்போ எதுக்கு இது?” என்று கேட்பவர்களுக்கு: மாருதியில் கார் ஓட்டக் கற்றவன் டாடா வண்டியைப் பார்த்து ஓடிவிடுவதில்லை. இண்டிகேட்டர் எந்தப் பக்கம் என்று தேடுவான், பிறகு ஓட்டுவான்.

இப்போது எதிர்க்கட்சிக்கு. ரியல்டைம் பக்தர்களைத் திட்டியதைப் படித்துக் கைதட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு கோஷ்டி இருக்கிறதே, உங்களுக்குத்தான். “பாத்தியா, விண்டோஸ்லயே ஓடுது! இனிமே அப்படியே மெஷினை மாட்டிக்கலாம்” என்பவர்கள். யூஎஸ்பி-பேரலல் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி, விர்ச்சுவல்பாக்ஸ் வழியாக மோட்டாரை ஓட்டலாம் என்று யோசனை சொல்பவர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கன்வெர்ட்டர் பிரிண்டருக்காகச் செய்தது, நிஜ லினக்ஸில் கூட லினக்ஸ்சிஎன்சிக்கு அது உதவாது. ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது, விரல் அருகில் இருக்கிறது, நிறுத்து என்ற கட்டளை விண்டோஸுக்கு நேரம் கிடைக்கும்போது போய்ச் சேரும் என்ற ஏற்பாட்டை யார் வீட்டிலும் வைக்கக்கூடாது. மெஷின் வாங்கும் அன்றைக்கு அதற்கென்று ஒரு பொட்டி, ரியல்டைம் கெர்னல், லேட்டன்சி சோதனை, முடிந்தால் துடிப்பைத் தானே எண்ணி அனுப்பும் மெசா மாதிரி ஒரு கார்டு. கம்ப்யூட்டரை நம்பாமல் நேராக மின்சாரத்தை வெட்டும் எமர்ஜென்சி பட்டன். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. மெய்நிகர் பொட்டியில் லேட்டன்சி சோதனை ஓட்டி அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷமோ துக்கமோ படுவதும் வீண். அது எந்த மெஷினைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

பழைய நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “இப்படிச் சொகுசு பண்ணிக் கொடுத்தா எவன்டா விண்டோஸை விட்டு வருவான்?” நியாயமான கவலை மாதிரி தோன்றும். ஆனால் என் சித்தி பையனைப் பாருங்கள். மூன்று வாரத்தில் ஆப்ட் அடிக்கிறான், டெர்மினலில் கோப்பைத் திறந்து திருத்துகிறான், ஐஎன்ஐ கோப்பில் எண்ணை மாற்றி எது உடைகிறது என்று பார்க்கிறான். டெபியன் பயன்படுத்துகிறோம் என்று அவனுக்கே தெரியாது! யாரும் மேடை போட்டுச் சுதந்திரம் பற்றிப் பேசாமலே அவன் உள்ளே வந்துவிட்டான். தவிர, கட்டற்ற மென்பொருளுக்கு ஸ்டால்மன் ஆட்கள் சொல்லும் நாலு சுதந்திரத்தில் முதலாவதே, எந்த நோக்கத்துக்காகவும் உன் விருப்பப்படி ஓட்டிக்கொள் என்பது. விண்டோஸுக்குள் ஓட்டினால் அது செல்லாது என்று அடிக்குறிப்பு எங்கேயும் இல்லை.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப் எல்லாம் லினக்ஸுக்கு வரட்டும் என்று ஒரு வாதம். தாராளமாக வரட்டும். பரணில் கிடக்கும் லேப்டாப் என்றால் நானே பென் டிரைவோடு வந்து போட்டுத் தருகிறேன். ஆனால் அது குடும்பமே நம்பியிருக்கும் ஒரே பொட்டி என்றால், முடிவெடுக்க வேண்டியது பொட்டிக்குச் சொந்தக்காரர். ஜி-கோட் பற்றிச் சந்தேகம் கேட்ட பையனுக்கு அதைச் சாக்காக வைத்துப் பதில் சொல்லாமல் இருக்கமுடியாது.

ஆகவே அண்ணன்மார்களே, அடுத்த தடவை யாராவது “விண்டோஸ்ல ஓடுமாண்ணா” என்று வந்தால் ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேளுங்கள்: “மோட்டார் மாட்டப் போறியா, படிக்கப் போறியா?” மாட்டப் போகிறேன் என்றால் உங்கள் ரியல்டைம் பிரசங்கத்தை முழுசாக அவிழ்த்து விடுங்கள், நானும் ஒத்து ஊதுகிறேன். படிக்கப் போகிறேன் என்றால் மேலே சொன்ன நாலு சாவியைச் சொல்லிக்கொடுங்கள்.

பையன் நேற்று ராத்திரி போன் செய்தான். வட்டம் வெட்ட ஜி2 எழுதியிருக்கிறான், ஆரம்பத்தில் இருக்கும் ஆரமும் முடிவில் இருக்கும் ஆரமும் ஒத்துவரவில்லை என்று எர்ரர். ஐ, ஜே மதிப்புகளை வட்டத்தின் மையத்தின் நேரடி அளவாகக் கொடுத்திருக்கிறான், தொடங்கும் புள்ளியிலிருந்து கணக்குப் போடவேண்டும் என்று தெரியவில்லை. ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டி அனுப்பினேன். பட்டறை மெஷினில் இதே தப்பைச் செய்திருந்தால் யார் அவனுக்குப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள்?

டிஸ்கி: விர்ச்சுவல்பாக்ஸோ டபிள்யூஎஸ்எல்லோ கிளம்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் முதலில் பயாஸில் போய் விர்ச்சுவலைசேஷன் ஆஃப் ஆகியிருக்கிறதா பாருங்கள். இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்று எழுதியிருக்கும். அங்கே வேறு எதையும் தொடவேண்டாம். அப்படியும் வரவில்லை என்றால் பின்னூட்டத்தில் எர்ரரை முழுசாக எழுதுங்கள், ஆணி குறைவாக இருக்கும் நாளில் பார்க்கிறேன்.